ஒரு புட்டி மருந்தும் பத்தொன்பது உயிர்களும்

பம்பாயில் 1896-இல் பிளேக் புகுந்தது. ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அப்போது தடுப்பு மருந்து தயாரிக்க வந்தார், ஒடெஸ்ஸாவில் பிறந்த யூத விஞ்ஞானி ஹாப்கின். பிளேக் கிருமிகளை வளர்த்து, சூடு காட்டிக் கொன்று, மருந்தாக்கினார். சரி, பரீட்சைக்கு ஆள்? 1897 ஜனவரி 10-ந் தேதி தம் உடம்பிலேயே குத்திக் கொண்டார்! ஜுரம் கண்டது, பிழைத்தார். பிறகு லட்சக்கணக்கானோர் குத்திக் கொண்டனர்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மல்கோவால் கிராமம். அன்று ஊசி குத்திக் கொண்டவர்கள் 107 பேர். அவர்களில் 19 பேர் டெட்டனஸ் என்னும் ரணஜன்னி கண்டு மாண்டனர். அத்தனை பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து!

பழி ஹாப்கின் தலையில் விழுந்தது. வேலையும் போயிற்று.

ஆனால் அன்று நடந்தது என்ன? புட்டியைத் திறக்கும் இடுக்கி தரையில் விழுந்தது. ரணஜன்னிக் கிருமி மண்ணில் இருப்பது. இடுக்கியைக் கொதிக்க வைக்காமல், மருந்து நீரில் அலசியதோடு விட்டுவிட்டார்கள். கிருமி முன்பே புட்டிக்குள் வளர்ந்திருந்தால் மருந்து நாறியிருக்கும். முகர்ந்து பார்த்த டாக்டருக்கோ நாற்றமே தெரியவில்லை.

இவ்வளவு தெளிவான விஷயத்துக்கு ஐந்து வருஷம்! மலேரியாக் கொசு புகழ் ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் 1907-இல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதிய பிறகே பழி நீங்கிற்று. ஹாப்கின் இந்தியா திரும்பினார், பம்பாய்க்கு அல்ல, கல்கத்தாவுக்கு. பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்தது 1925-இல்.