அரளி விதை அமெரிக்காவில் எந்தப் பெயரில் விற்றது தெரியுமா?

மஞ்சள் அரளி! வேலியோரம் பூத்து நிற்குமே, "காயைத் தொடாதே" என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளை அதட்டுவோமே, அதேதான். அமெரிக்காவில் இணையக் கடைகள் அதை உடம்பு இளைக்க 'தெஹோகோத்தே வேர்' என்று விற்றன என்றால் நம்ப முடிகிறதா? தெஹோகோத்தே என்பது மெக்சிகோவின் பழமரம். கிறிஸ்துமஸ் சமயத்தில் அதன் பழத்தைப் போட்டு அங்கே சூடான பானம் காய்ச்சுவார்கள். பரம சாது! 2022-இல் நியூ ஜெர்சியில் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தை அந்த 'வேரை' விழுங்கியது. இதயத் துடிப்பு சரசரவென்று இறங்கியது. ரத்தத்தைச் சோதித்தால், டிகாக்சின் என்ற இதய மருந்து இருப்பதாகக் காட்டுகிறது! குழந்தைக்கு யாரும் டிகாக்சின் கொடுக்கவே இல்லை. அரளி நஞ்சு அந்த மருந்துக்கு அத்தனை நெருங்கிய உறவு, பரிசோதனையே ஏமாந்துபோனது. அதன்பின் கடைச் சரக்கை வாங்கி ஆராய்ந்தார்கள். பத்துப் பொருட்களில் ஒன்பது மஞ்சள் அரளி!

அந்த உறவே உயிரையும் காக்கும் என்பது தெரியுமா? டிகாக்சினை முறிக்கும் எதிர்ப்பொருள் அரளி நஞ்சையும் முறிக்கிறது. இலங்கை மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இதை 2000-இல் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது. விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஆள்மாறாட்டம் அரளியோடு நிற்கவில்லை. பிரியாணிக்கு மணம் தரும் அன்னாசிப்பூவுக்கு ஒரு ஜப்பானிய உறவுக்காரச் செடி உண்டு, அதன் காயும் அச்சு அசலாக அதே நட்சத்திர வடிவம்! ஜப்பானில் ஊதுவத்திக்குப் பயன்படுத்துவார்கள், உணவில் சேர்ப்பதில்லை. அதிலுள்ள அனிசாட்டின் வலிப்பை வரவழைக்கும். 2001-இல் நெதர்லாந்தில் மூலிகைத் தேநீரில் அது கலந்துவிட்டது. குடித்தவர்கள் வாந்தியும் வலிப்புமாக மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

பிரசல்ஸில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே எடை குறைப்புச் சிகிச்சை மையம் ஒன்று 1990-இல் தன் மருந்தில் சீன மூலிகைகளைச் சேர்த்தது. இரண்டே ஆண்டில், ஐம்பதைத் தொடாத பெண்களின் சிறுநீரகங்கள் நாரேறிச் சுருங்கின. கேட்டது ஸ்டெபானியா என்ற மூலிகை, பொடியில் இருந்தது அரிஸ்டோலோகியா என்ற நச்சுச்செடி! இரண்டுக்கும் சீனத்தில் 'ஃபாங் ஜி' என்ற பெயர் ஒட்டியிருக்கிறது. காயவைத்து அரைத்துவிட்டால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். சிறுநீரகம் செயலிழந்த 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாக அந்த உறுப்புகளை அகற்றிப் பார்த்தபோது, 18 பேருக்குப் புற்றுநோய்! மூலிகைகளை மதிப்பவள் என்பதால்தான் எனக்குக் கோபம் பொங்குகிறது. இலையையும் பூவையும் வேரையும் நேரில் பார்த்து இனம் சொல்லக்கூடிய ஒருவர், வயலிலிருந்து டப்பா வரைக்கும் அந்த வழியில் எங்குமே இல்லையா?

அரிஸ்டோலோகியாவில் உள்ள நச்சு அமிலம் மரபணுவில் விட்டுச்செல்லும் தடம் எவ்வளவு துல்லியமானது தெரியுமா? அடினின் இருந்த இடத்தில் தைமினை உட்கார்த்திவிடும்! டான்யூபின் கிளையாற்றங்கரைக் கிராமங்களில் 1950-களிலிருந்து மருத்துவர்களைத் திணறடித்த சிறுநீரக நோயின் முடிச்சு இந்தத் தடத்தால்தான் அவிழ்ந்தது. கோதுமையோடு அரிஸ்டோலோகியா விதையும் அறுவடையாகி, ரொட்டியாகி வயிற்றுக்குள் போயிருக்கிறது.

நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் இதே இனம்தான். செவ்வுடல் கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இவற்றைத் தின்று, நஞ்சை உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்கின்றன. பறவைகள் கிட்டே வருவதில்லை. இன்னொரு அதிசயம்: கறிவேப்பிலையும் எலுமிச்சை இலையும் தின்று வளரும் நஞ்சில்லாத ஒரு பூச்சியினத்தில், பெண்களில் ஒரு பகுதி இந்த நச்சுப்பூச்சி போலவே இறக்கை பூண்டு தப்பிக்கிறது!

சரி, பெயர் குழம்பாமல் சரியான மூலிகையையே பறித்தால்? அப்போதும் பக்கத்துக் களை வந்து சேரும்! பைரோலிசிடின் அல்கலாய்டுகள் என்றொரு நச்சுக் குடும்பம் சுமார் 6000 தாவர வகைகளில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். கல்லீரலின் நுண்ணிய ரத்தநாளங்களை அடைத்துவிடும். 1970-களின் நடுவில் இன்றைய சத்தீஸ்கரின் சர்குஜாவில் சாமையோடு கிலுகிலுப்பை விதை கலந்தது. நோயில் விழுந்த 67 பேரில் 28 பேர் மாண்டார்கள். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013-இல் சாமந்திக் குடும்பத்துக் கெமோமில் தேநீர், புதினாத் தேநீர் போன்றவற்றிலும் இதே அல்கலாய்டுகளைக் கண்டறிந்தது. ஐரோப்பிய மருந்து முகமை மூலிகை மருந்துகளுக்கு விதித்திருக்கும் வரம்பு நாளொன்றுக்கு ஒரு மைக்ரோகிராம்! ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு! வயலில் களையெடுக்கும் கைகள் சில செடிகளைத் தவறவிட்டாலே போதும்.

எல்லாவற்றையும் மிஞ்சும் செய்தி ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகர ஆய்வாளர்களுடையது. களையைப் பிடுங்கி அங்கேயே மண்ணில் போட்டால் தொல்லை தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? அது மட்கும்போது வெளியேறும் நஞ்சைப் பக்கத்துப் புதினா வேர்வழியே உறிஞ்சிக்கொள்கிறது! நிக்கோட்டினும் அப்படியே. சதுர மீட்டருக்கு ஒரே ஒரு சிகரெட் துண்டைப் போட்டுப் பார்த்தார்கள். அனுமதித்த அளவையும் தாண்டிய நிக்கோட்டின் புதினா இலையில்!