பாலிகஞ்சின் பச்சை ஜன்னல்கள்

பழைய வீடுகளின் பர்மா தேக்கு கழற்றி விற்கப்படுகிறது. அதே மனையில் எழும் புதிய கட்டடத்தின் முகப்புக்கோ கடல் கடந்து மரம் வருகிறது. வீட்டுக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்க எந்த மரம் தகுதியானது?

தெற்கு கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ஒரு பழைய வீடு இடிபடப் போவதைத் தெருவுக்கு முதலில் சொல்பவை ஜன்னல்கள். சுவரில் கடப்பாரை விழுவதற்கு முன்பே பச்சை பெயின்ட் அடித்த மரக் கதவுகள் கீல்களிலிருந்து கழற்றப்பட்டு வாசலில் அடுக்கப்படுகின்றன. அடுத்து நிலைகள். பிறகு கூரையைத் தாங்கிய உத்தரங்கள். இடிப்பு வேலையை எடுப்பவர்களுக்குக் கணக்கு தெரியும். செங்கல்லுக்குக் கிடைப்பது சொற்பம்; மரத்துக்குத்தான் காசு. அதுவும் பர்மா தேக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஓரிரு ஆண்டுகளில் அதே மனையில் அடுக்குமாடிக் கட்டடம் எழுகிறது. அதன் முகப்பில், கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே அழகுக்காக ஒரு பட்டை மரப் பலகைகள். தென் அமெரிக்காவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ கப்பலில் வந்த மரமாக இருக்கலாம். மரம் போலத் தோன்றும் பிளாஸ்டிக் கலவையாகவும் இருக்கலாம். எழுபது, எண்பது மழைக்காலங்களைத் தாங்கிக் காட்டிய மரத்தை இறக்கிவிட்டு, இந்த ஊர் மழையை இன்னும் பார்க்காத மரத்தை ஏற்றுகிறார்கள். வீட்டின் வெளிப்புறத்துக்கு மரம் தேடும் எவரும் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய விநோதம் இது.

'பறவை' வைத்த ஜன்னல்

இந்த ஜன்னலை வங்காளிகள் 'கொர்கொரி' என்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் 'ஜில்மில்' என்றும் பெயர். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியிலேயே அந்தச் சொல் இடம்பெற்றுவிட்டது. கதவுச் சட்டத்துக்குள் மெல்லிய மரப் பட்டிகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். நடுவில் செங்குத்தாக ஒரு குச்சி. அதை அசைத்தால் எல்லாப் பட்டிகளும் ஒரே நேரத்தில் திறக்கும், மூடும். ஒவ்வொரு பட்டிக்கும் வங்காளியில் 'பாக்கி' என்று பெயர். பறவை என்று பொருள். இறக்கை விரிப்பதுபோல அசைவதைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

சத்யஜித் ரேயின் 'சாருலதா' (1964) படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜன்னல் புதிதல்ல. வீட்டுக்குள் தனிமையில் வாடும் சாரு, கையில் ஒரு தொலைநோக்கியுடன் ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பட்டிகளைத் திறந்து தெருவை வேடிக்கை பார்ப்பாள். வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. உள்ளே இருப்பவருக்கு எல்லாம் தெரியும்.

வேடிக்கைக்காக மட்டும் செய்யப்பட்ட ஜன்னலல்ல இது. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற, கோடையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிற ஊர் இது. வெயிலையும் சாரலையும் தடுக்க வேண்டும். காற்றை மட்டும் விட வேண்டும். மின்விசிறி வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினைக்குத் தச்சர்கள் கண்டுபிடித்த தீர்வுதான் கொர்கொரி. வீட்டின் வெளிப்புறத்தில் மரம் அணிவது என்பது கொல்கத்தாவில் நேற்று வந்த நாகரிகம் அல்ல.

ரங்கூனிலிருந்து நிம்தலாவுக்கு

'தேக்கு' என்ற நம் சொல்தான் போர்த்துக்கீசியர் வாயில் 'டெக்கா'வாகி, ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது. ஆனால் மலபார்த் தேக்கு கப்பல் கட்டவே போதாமல் போனது. 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியதே அந்தப் பற்றாக்குறையால்தான். 1852இல் பெகு பிரதேசம் பிரிட்டிஷ் வசமானதும் பார்வை பர்மாவின் பக்கம் திரும்பியது. 1856இல் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ், எந்த மரத்தை எப்போது வெட்டலாம் என்று ஒழுங்கு வகுத்தார். 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானவரும் அவரே.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. எனவே மரத்தின் அடியில் பட்டையை வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே சில ஆண்டுகள் காய விட்டுப் பிறகுதான் வெட்டினார்கள். யானைகள் இழுத்து ஆற்றில் தள்ளும். ஐராவதியில் மிதந்து ரங்கூன் சேரும். அங்கிருந்து கப்பலில் கல்கத்தா. ஹூக்ளிக் கரையில் நிம்தலா பகுதியின் மரக் கிடங்குகளும் அறுவை ஆலைகளும் இன்றும் நகரின் மரச் சந்தையாக இருக்கின்றன.

தேக்குக்காக ஒரு போரே நடந்தது என்றால் மிகையல்ல. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு பர்மிய அரசு விதித்த அபராதத்தைச் சாக்காக வைத்து 1885இல் படையெடுப்பு நடந்தது. 1886 ஜனவரி 1இல் மேல் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. அந்தத் தேக்கின் ஒரு கிளை வங்காளத்துக்கு வந்தது. இன்னொரு கிளை, பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் மூலம் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாக நின்றது. முடிவிலும் ஒற்றுமை உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தூண்கள் விற்கப்படும் கதையும் பாலிகஞ்ச் வாசலில் ஜன்னல்கள் அடுக்கப்படும் கதையும் ஒன்றுதான்.

பாலிகஞ்ச் இன்று காணும் வடிவத்தைப் பெற்றதில் 1912இல் உருவான கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ராஷ்பிஹாரி அவென்யூ, சதர்ன் அவென்யூ, இப்போது ரவீந்திர சரோவர் எனப்படும் ஏரி எல்லாம் அதன் கைவேலை. வக்கீல்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள் வந்து வீடு கட்டினார்கள். அரை வட்ட பால்கனி, சிவப்பு ஆக்சைடு தரை, பச்சைக் கொர்கொரி. பக்கத்து லேக் மார்க்கெட்டில் குடியேறிய தமிழர்களும் வாடகைக்கு வாழ்ந்தது இதே போன்ற ஜன்னல்களுக்குப் பின்னால்தான். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் வீழ்ந்ததும் தேக்கு வரும் வழி அடைபட்டது. பாலிகஞ்சின் முப்பதுகளின் வீடுகள் அந்தத் தாராளத்தின் கடைசித் தலைமுறை.

பாகம் பிரிந்தால் ஜன்னலும் போகும்

இப்படிப்பட்ட சாதாரண வீடுகளுக்கு வாதாட 2015இல் எழுத்தாளர் அமித் சௌத்ரி முன்கை எடுத்து ஓர் இயக்கம் தொடங்கினார். 'கல்கத்தா ஆர்க்கிடெக்சுரல் லெகசீஸ்' என்று பெயர். அரண்மனைகளுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. பெயர் தெரியாத கட்டடக்காரர்கள் கட்டிய நடுத்தர வர்க்க வீடுகளுக்கு இல்லை என்பது அவர்களின் ஆதங்கம். மாநகராட்சியிடம் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் உண்டு. ஆனால் பெரும்பாலான தெரு வீடுகள் அந்தப் பட்டியலுக்குள் வருவதே இல்லை.

வீட்டுக்காரர்கள் மீது குறை சொல்வதும் எளிதல்ல. தாத்தா கட்டிய வீட்டில் ஆறு பேருக்குப் பங்கு. பாதிப் பேர் வெளிநாட்டில். மழைக்காலத்தில் ஒழுகும் மாடிக்கு யார் செலவழிப்பது என்பதில் சண்டை. புரமோட்டர் ஆளுக்கொரு ஃபிளாட்டும் கையில் கொஞ்சம் பணமும் தருகிறார். கையெழுத்து விழுந்துவிடுகிறது. தப்பிய வீடுகளில் பல, வேறு வேலை தேடிக்கொண்டவை. மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜியின் 'சுதர்மா' இல்லம் ஆடைக் கடையாக மாறியதால் நிற்கிறது.

வைரம் பாய்ந்த கட்டை

எண்பது ஆண்டுகள் ஒரு ஜன்னல் எப்படித் தாங்கியது? விடை 'வைரம்' என்ற சொல்லில் இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில் இயற்கையான எண்ணெயும் கரையானுக்கும் பூஞ்சைக்கும் பிடிக்காத பொருள்களும் சேர்ந்திருக்கும். வெளிப்பகுதியான வெளிறில் அவை இல்லை. மரம் எதுவானாலும் வெளிறு வெளிறுதான். தேக்கின் வெளிறையும் கரையான் தின்னும்.

தேக்கின் இன்னொரு குணம் அடக்கம். ஈரத்தில் வீங்குவதும் வெயிலில் சுருங்குவதும் குறைவு. மெல்லிய பட்டி வளையாமல், மூட்டு விலகாமல் நிற்பது அதனால்தான். கனமான மரம்தான் நல்ல மரம் என்பது பொதுவான தவறு. சால் மரம் தேக்கைவிடக் கனம். உத்தரத்துக்கும் நிலைக்கும் அருமையாக உழைக்கும். ஆனால் காயும்போது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். மெல்லிய பலகையாகச் சுவரில் அடித்தால் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வரும். 'மலேசிய சால்' என்று கடைகளில் விற்பது நம் சால் மரமே அல்ல. தென்கிழக்காசியாவின் பல மரங்களுக்கு வியாபாரம் வைத்த பெயர் அது. எந்த மரம் என்று கேட்டு எழுதி வாங்காவிட்டால் ஏமாற வேண்டியதுதான்.

புதிய தேக்கு என்று இன்று கிடைப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களின் மரம். இனம் ஒன்றுதான், வயது வேறு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வெட்டப்படுவதால் வெளிறின் பங்கு அதிகம். வாங்கலாம், ஆனால் பலகையின் ஓரத்தில் வெளிர் நிறப் பட்டை ஓடினால் ஒதுக்கிவிட வேண்டும்.

பிரேசில் பக்கத்து 'இபே' தேக்கைவிட மிகக் கடினம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். வெளிப்புறத்துக்கு அது சிறந்த மரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வளரும் மரம். அதைத் தேடிப் போகும் பாதைகளே காட்டை அழிக்கின்றன. இபேயும் அதன் ஜோடியான 'குமாரு'வும் 2024 நவம்பரிலிருந்து சைட்ஸ் எனும் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. ஆப்பிரிக்க படாக், அஃப்சீலியா போன்றவை 2023இலேயே அதில் சேர்ந்துவிட்டன. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. 2022இல் திருத்தப்பட்ட இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இதை உள்ளே கொண்டு வந்திருக்கிறது.

பர்மா தேக்கின் கதை இன்னும் சிக்கல். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. இந்தியா அந்தத் தடையில் சேரவில்லை. ஆனாலும் பலகைக்குக் கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வி வாங்குபவரை விடாது.

அடிப்பதில் இருக்கிறது ஆயுள்

நல்ல மரத்தையும் மோசமாக அடித்தால் ஐந்து ஆண்டில் தொலைத்துவிடலாம். பலகையை நேராகச் சுவரில் ஒட்டக் கூடாது. இடையில் சட்டம் அடித்து இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். மேலும் கீழும் காற்று போக வழி, அந்த வழியில் பூச்சி வலை. உள்ளே புகுந்த நீர் வடிந்து காய இது ஒன்றே வழி. தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி ஆரம்பித்தால் தெறிக்கும் மழை அவ்வளவாக எட்டாது. இரும்பு ஆணி தேக்கோடு சேர்ந்தால் கறுப்புக் கறை வழியும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு, முன்கூட்டியே துளை போட்டு. பலகையின் வெட்டு முனைகள்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய். அவற்றை முதலில் அடைக்க வேண்டும்.

அடுத்து நிறம். எந்த மரமும் வெயிலில் சாம்பல் நிறமாகும். அதனால் பலம் குறையாது. தேன் நிறம்தான் வேண்டும் என்பவர்கள் ஆண்டுதோறும் எண்ணெய் பூசத் தயாராக இருக்க வேண்டும். வார்னிஷ் அடித்தால் உரியும். உரிந்த இடத்தில் தண்ணீர் புகும். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மர அச்சுப் போட்ட அலுமினியம் இருக்கிறது. அது மரம் இல்லை. மரமென்று நடிக்காமல் வாங்கினால் குற்றமும் இல்லை.

கையிலிருக்கும் மரம்

இத்தனையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பாலிகஞ்சில் வெளிப்புறத்துக்கு மிகச் சிறந்த மரம் ஏற்கெனவே பாலிகஞ்சில்தான் இருக்கிறது. அதற்காக இனி ஒரு மரமும் வெட்ட வேண்டாம். எந்த ராணுவத்துக்கும் பணம் போகாது. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து ஓய்ந்துவிட்டது.

பழைய கொர்கொரியில் முதலில் கெடுவது பெரும்பாலும் கீழ்ச் சட்டமும் ஓரிரு பட்டிகளும்தான். தண்ணீர் தங்கும் இடம் அது. முழு ஜன்னலையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட துண்டை அறுத்து எடுத்து, இடிபட்ட வேறொரு வீட்டின் தேக்கிலிருந்து ஒட்டுப் போடலாம். பழைய பெயின்டைச் சுரண்டும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் இந்தியாவில் கட்டாயமானது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துச் சுரண்ட வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

வீட்டைக் காப்பாற்ற முடியாதவர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஜன்னல்களும் உத்தரங்களும் யாருக்கு என்று ஒரு வரி சேர்க்கலாம். புதிய கட்டடத்தின் முகப்புக்கு அந்தத் தேக்கையே அறுத்துப் பயன்படுத்தச் சொல்லலாம். புரமோட்டர் முகம் சுளிக்கலாம். வெளிநாட்டுப் பலகைக்கான விலையை அவரிடம் நினைவூட்டினால் சுளிப்பு மறைய வாய்ப்பிருக்கிறது.

இப்போதைக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த ஒரு வரி இல்லை. வாசலில் அடுக்கிய பச்சை ஜன்னல்கள் வண்டிக்காகக் காத்திருக்கின்றன, பட்டிகள் பாதி திறந்தபடி.