முதலில் சோதனை, பிறகு செலவு

ஸ்டார்ட் செய்ததும் கார் நடுங்கினால் பல ஒர்க்‌ஷாப்களில் முதல் பழி இன்ஜின் மவுண்ட் மீதே விழுகிறது. ஆனால், மவுண்ட் அதிர்வை உண்டாக்குவதில்லை. இன்ஜினில் பிறக்கும் அதிர்வு பாடிக்குப் பரவாமல் தாங்குவதே அதன் வேலை. ரப்பர் கிழிந்துபோனால் வழக்கமான அதிர்வே பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். என்றாலும், நடுக்கம் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்க்காமல் மவுண்டை மாற்றினால் பணம் போகும், கோளாறு போகாது.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் கிராங்க்‌ஷாஃப்ட்டின் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் உந்துகிறது. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், ஒரே ஒரு சிலிண்டர் எரியாவிட்டாலும் 400 உந்துகள் விடுபட்டுப்போகும். நடுக்கத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான். எனவே நேரத்தைக் கவனிக்க வேண்டும். செல்ஃப் எடுக்கும்போதே இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் பார்க்கலாம். காலையில் சில விநாடி குலுங்கிவிட்டுச் சீரானால் தேய்ந்த ஸ்பார்க் பிளக், கசியும் இன்ஜெக்டர் மீது சந்தேகம் திரும்பும். ஐடிலிங்கில் நடுங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அடங்கினால் கார்பன் படிந்த த்ராட்டில் பாடியையோ வேக்குவம் ஹோஸ் கசிவையோ தேட வேண்டும். இன்ஜின் சீராக ஓடியும் கியர் போட்டதும் ‘தொம்’மென்று இடித்தால், அப்போதுதான் மவுண்டின் முறை.

ஸ்கேனரே சொல்லிவிடுமே என்று கேட்கலாம். பி0302 என்ற கோடு, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. தனித்தனி காயில் உள்ள இன்ஜினில் அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் பார்க்கலாம். கோடும் பி0303 என மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடலைத் தொடரலாம். புதிய பாகம் எதையும் வாங்காமலே கிடைக்கும் விடை இது.

சூடானதும் சரியாகிவிடுகிறதே என்று தள்ளிப்போடுவதும் தவறு. மூன்று சிலிண்டர் கார்களில் லேசான அதிர்வு இயல்புதான். புதிதாகத் தொடங்கிய நடுக்கம் அப்படியல்ல. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால், அது சூடேறி உருகவும் கூடும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிவது அந்த ஆபத்துக்கான எச்சரிக்கை. ஆகவே, ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், எந்தச் சோதனையில் அது கெட்டதாகத் தெரிந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்வியை வரவேற்பார்.