பருப்பு வேகாத தண்ணீர், கறை படிந்த பல்

தருமபுரி மாவட்டத்தில் போர் தண்ணீரை நம்பிக் குடித்தனம் நடத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சின்னச் சின்ன எரிச்சல்களின் நீண்ட பட்டியல் கிடைக்கும். சோப்பு தேயத் தேயக் கரைகிறதே தவிர நுரை வருவதில்லை. தலைக்குக் குளித்தால் முடி முரடாகிச் சிக்கு விழுகிறது. ஷவரின் துளைகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் இரண்டு துளை சுவரைப் பார்த்துப் பீய்ச்சுகிறது. கழுவிக் கவிழ்த்த சில்வர் டம்ளரில் வெள்ளைப் புள்ளிகள். போன வருடம் வாங்கிய ஹீட்டரில் காயில் போய்விட்டது. எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கிறது. இதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, மனு எழுதுவதுமில்லை. ஆனால் தினமும் வருகிற எரிச்சல். அதனால்தான் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று கிணறுகளையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். நாக்கும் சோப்பு நுரையும் சொல்லும் இந்தத் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இந்த மாவட்டத்தில் முக்கியமான கேள்வி.

எரிச்சலின் வேர் பாறையில் இருக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம், நல்லம்பள்ளி, அரூர் என எங்கே துளை போட்டாலும் கொஞ்ச ஆழத்தில் கடினப் பாறை வந்துவிடும். சார்னோகைட், நைஸ், கிரானைட் வகைகள். ஆற்றுப்படுகை ஊர்களில் தண்ணீர் மணலுக்குள் நிற்கும். இங்கே பாறை வெடிப்புகளுக்குள் நிற்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்தும் சுக்கான்கல்லிலிருந்தும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிரித்தெடுத்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. வெடிப்புக்குள் தங்கும் காலம் கூடக்கூட கரையும் சரக்கும் கூடும். நாம் ஆழமாகத் துளைக்கத் துளைக்கப் பழைய தண்ணீரை மேலே கொண்டுவருகிறோம்.

அதைக் காய்ச்சும்போது ஒரு விந்தை நடக்கிறது. சர்க்கரை சூட்டில் இன்னும் நன்றாகக் கரையும். சுண்ணாம்புச் சத்துக்கு நேர்மாறான குணம். சூடேறினால் கரியமில வாயு பிரிந்து மேலே போய்விடுகிறது; அது போனதும் கால்சியம் கரைசலில் நிற்க முடியாமல் கார்பனேட்டாகக் கெட்டிப்பட்டுப் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்துவிடுகிறது. வெந்நீர் வைக்கும் குண்டானின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேலே மாவாக உதிரும். அடியில் ஓடாக இருக்கும். அந்த ஓட்டில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பொறுபொறுவென்று பொங்கும். வருவது அதே கரியமில வாயுதான். ஹீட்டர் காயிலின் மேல் இந்த ஓடு படியும்போது சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. காயில் அளவுக்கு மீறிக் காய்ந்து எரிந்துவிடுகிறது. கம்பெனி சரியில்லை என்று திட்டுகிறோம்; பல வீடுகளில் குற்றவாளி சுண்ணாம்பு.

டம்ளரின் புள்ளிகளைக் கூர்ந்து பார்த்தால், அவை புள்ளியாக இல்லாமல் வட்டக் கோடாக இருப்பது தெரியும். நடுவில் தெளிவு, ஓரத்தில் வெள்ளை. சொட்டின் ஓரம் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கேதான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, போகும்போது சரக்கையும் இழுத்துப் போகிறது. காபிக் கறை ஏன் வளையமாகக் காய்கிறது என்ற கேள்விக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் கூட்டாளிகளும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் தந்த விளக்கம் இது. கழுவியவுடன் துணியால் துடைத்தால் கறை வராது. சொட்டு அங்கேயே காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சோப்பு விஷயத்தில் கால்சியம் நேரடியாகக் குறுக்கே நிற்கிறது. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. கால்சியம் அந்த அமிலத்தைப் பற்றிக்கொண்டு, தண்ணீரில் கரையாத பிசுக்காக மாற்றிவிடுகிறது. பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் படிவதும் முடியில் ஒட்டிக்கொள்வதும் அதுதான். முதலில் போடும் சோப்பெல்லாம் கால்சியத்தைத் தீர்க்கவே செலவாகிறது; அது தீர்ந்த பிறகுதான் நுரை எழும். பழைய ஆட்கள் அரப்பும் சீயக்காயும் போட்டுக் குளித்ததற்கு இங்கே ஒரு கூடுதல் நியாயம் உண்டு. அவற்றில் அழுக்கெடுக்கும் சபோனின்கள் கால்சியத்தோடு சேர்ந்து இப்படிப் பிசுக்காவதில்லை. அரப்பு கிடைக்கும் ஊரில் உப்புத் தண்ணீருக்கு அது நல்ல மருந்து.

பருப்பு வேகாததற்கும் அதே கால்சியம்தான் காரணம். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பது பெக்டின். சாதாரணமாக வேகும்போது அது கரைந்து செல்கள் பிரியும், பருப்பு குழையும். கால்சியம் உள்ளே புகுந்தால் பெக்டின் இழைகளுக்கு நடுவே பாலம் போட்டு இறுக்கிவிடுகிறது. ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் வேகும். ஆனால் காரத்தில் தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும். காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்ததை மட்டும் இறுத்து அதில் பருப்பை ஊறப்போட்டு வேகவைப்பது இதைவிட நல்ல வழி. கால்சியத்தில் ஒரு பகுதி அடியிலேயே தங்கிவிடும்.

இத்தனை தொல்லை கொடுத்தாலும், கால்சியமும் மக்னீசியமும் தண்ணீருக்குத் தரும் இந்தக் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை முன்னிட்டு உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்கிறது. சமையலறையையும் குளியலறையையும் பாடாய்ப் படுத்தும் இந்தச் சுண்ணாம்பு, உடம்பை அந்த அளவுக்குப் படுத்துவதில்லை.

உடம்பைப் படுத்துவது புளோரைடு. அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, நாக்குக்குப் பிடிபடாது, நுரையைக் கெடுக்காது, பருப்பை வேகவிடாமல் தடுக்காது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5-க்கு மேல் போகக் கூடாது. இந்த மாவட்டத்துப் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் புளோரின் இயற்கையாகவே உண்டு. ஒகேனக்கல் பகுதியின் கார்பனடைட் பாறைகளுக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். அவற்றிலும் அபடைட் இருக்கிறது. பாறை தேயத் தேய புளோரைடு தண்ணீருக்குள் இறங்குகிறது.

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். கால்சியமும் புளோரைடும் ஒரே தண்ணீரில் ஏராளமாகச் சேர்ந்திருக்க முடியாது. சேர்ந்தால் கால்சியம் புளோரைடாகக் கட்டிப் படிந்துவிடும். நிலத்தடியில் கால்சியம் சுக்கான்கல்லாகப் படிந்து தீர்ந்துபோன தண்ணீரில், அதாவது சோடியமும் பைகார்பனேட்டும் மேலோங்கிய தண்ணீரில், புளோரைடைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. அந்தத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். பருப்பு குழையும். ‘நல்ல தண்ணி’ என்ற பெயரோடு அடுத்த தெருவிலிருந்தும் குடம் தூக்கி வருவார்கள். எல்லாக் கிணற்றிலும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. மக்னீசியத்தால் கடினமான தண்ணீரில் புளோரைடும் கூடவே இருக்கலாம். ஆனால் நுரை வருகிறது என்பதற்காக ஒரு தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு கட்டுவது ஆபத்து.

புளோரைடு மிகுந்தால் மனித எலும்புக்கு வரும் பாதிப்பு இந்தியாவில் முதன்முதலாக 1937-இல் பதிவானது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் எச்.இ. ஷார்ட்டும் சக மருத்துவர்களும் முதுகு வளைய முடியாமல் இறுகிப்போனவர்களைப் பார்த்து, காரணம் கிணற்றுத் தண்ணீரின் புளோரைடு என்று எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் ஊர்க் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டு, முப்பது வருடம் காரணம் தேடினார். 1931-இல் எச்.வி. சர்ச்சில் என்ற வேதியியலாளர் தண்ணீரைச் சோதித்து விடை சொன்னார். கொஞ்சமாக இருந்தால் புளோரைடு பல் சொத்தையைத் தடுக்கும் என்பதும் அந்த ஆய்வுகளின் வழியேதான் தெரியவந்தது. அளவு மீறும்போதுதான் கெடுதல். லிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை உள்ள தண்ணீரைப் பல காலம் குடித்தால் எலும்பிலும் பாதிப்பு தெரியத் தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பல்லில் விழும் கறையைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நிரந்தரப் பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி, ஞானப்பல் நீங்கலாகக் கடைவாய்ப் பற்கள் வரை சுமார் எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். பல் அப்போது ஈறுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் குடித்த தண்ணீரில் புளோரைடு மிகுந்திருந்தால், எனாமலைக் கட்டும் செல்கள் தடுமாறி, நுண்துளை விழுந்த மங்கலான எனாமலைக் கட்டுகின்றன. பல் முளைத்த பிறகு அந்தத் துளைகளில் மஞ்சளும் பழுப்பும் ஏறுகின்றன. பத்து வயதில் தெரியும் கறை மூன்று வயதில் குடித்த தண்ணீரின் கணக்கு. இதைத் தெரியாமல் “பல்லை ஒழுங்கா தேய்டா” என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. தேய்த்துப் போகக்கூடிய கறையே அல்ல அது. போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொள்ளும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் நிறைவேறி, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு பாதிப்பு) தணிப்பு என்ற சொல் இருப்பது இதனால்தான். காவிரித் தண்ணீரைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவந்த அந்தத் திட்டம் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய மருத்துவ நடவடிக்கை என்றே சொல்வேன். ஆனால் காவிரித் தண்ணீரைத் தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்து விட்டால் அளவு மறுபடி ஏறும். குழாயில் வருவது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு வீட்டின் உரிமை.

வீட்டுக்குள் எரிச்சலைத் தீர்க்க நாம் வாங்குகிற பொருள்களில் பெரும்பாலானவை புளோரைடை விட்டுவிடுகின்றன. காய்ச்சினால் சுண்ணாம்பு படியும்; புளோரைடு அப்படியே நிற்கும், தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். வாஷிங் மெஷினுக்கும் ஷவருக்கும் பொருத்தும் சாஃப்ட்னருக்குள் இருக்கும் பிசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. புளோரைடு எதிர்மின் அயனி என்பதால் அந்தப் பிசினில் சிக்காமல் நழுவிவிடும். நுரை வரும், ஆபத்து குறையாது. கேண்டில் ஃபில்டர் கலங்கலைத்தான் பிடிக்கும். ஆர்.ஓ. மட்டும் இரண்டையும் பெருமளவு நீக்குகிறது. அதன் சவ்வை 1960-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜன். இன்னொருவர் சிட்னி லோப். ஆனால் வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே விடும். நிலத்தடி நீர் வற்றும் மாவட்டத்தில் அந்தக் கழிவை வீட்டைக் கழுவவாவது பிடித்து வைக்க வேண்டும்.

வீட்டு வாசலில் இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்து, “பாருங்க அக்கா, எவ்வளவு அழுக்கு” என்று பழுப்பு நிறத்தைக் காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கல்ல. கம்பியின் இரும்பே கரைந்து துருவாகிறது. உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் ஓடாது, அதனால் அது தெளிவாக நிற்கும். கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. 700 காட்டினால் அதற்குள் புளோரைடு அரை மில்லிகிராமா மூன்று மில்லிகிராமா என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது.

புளியைப் பற்றி ஒன்று. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் வெளியேறும் புளோரைடு கூடியது. 2002-இல் அந்த முடிவு வெளியானது. புளி விளையும் மாவட்டத்துக்கு இது நல்ல செய்திதான், ஆனாலும் தண்ணீரை மாற்றுவதற்கு ஈடாகாது.

கிராமங்களில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வழங்கப்பட்டிருக்கும் களப் பரிசோதனைப் பெட்டியில் புளோரைடுக்கென்று தனிக் குப்பி உண்டு. தண்ணீரில் சில சொட்டு விட்டதும் சிவந்த நிறம் புளோரைடின் அளவுக்கேற்ப மஞ்சளை நோக்கி வெளுக்கும். அட்டையில் ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். சரியான எண் வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, ஒவ்வொரு போருக்கும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. பக்கத்துத் தோட்டத்து முடிவு நம் தோட்டத்துக்குப் பொருந்தாது. அளவு 1.5-ஐத் தாண்டி, காவிரித் தண்ணீர் நாளுக்கு இரண்டு குடம்தான் வருகிறது என்றால், அது முதலில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குடிக்கவும், கர்ப்பிணிகளுக்கும், அடுத்துச் சோறும் பருப்பும் வேகவைக்கவும் போகட்டும். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீரே போதும்.