வாயில்லா உயிர்களும் சமூக ஊடகமும்

நுழையும்முன்

கைப்பேசியைத் திறந்தவுடன் கண்ணில் படும் காட்சிகளுள் நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றைக் கண்டு மகிழ்கிறோம், விருப்பக்குறி இடுகிறோம், அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுகிறோம். அந்த நொடிநேரப் பார்வையை ஓர் உயிரைக் காக்கும் அறிவாக மாற்ற இயலுமா? இயலும் என்பதையும் அதற்குரிய நெறிகள் எவை என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

கல்லில் எழுதிய பெயர்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல், ஏறத்தாழ 1400 ஆண்டுப் பழமையுடையது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மனிதரோடு வாழ்ந்து மடிந்த ஓர் உயிரை ஊரறியச் செய்ய அன்றைய மக்கள் கல்லை ஊடகமாகக் கொண்டனர்.

இன்று கல்லின் இடத்தில் கைப்பேசித் திரை உள்ளது. நடுகல்லின் செய்தி அவ்வழியே சென்றவருக்கு மட்டுமே தெரிந்தது. முகநூலிலோ புலனத்திலோ இடப்படும் பதிவு ஒரே நாளில் பல்லாயிரவரைச் சென்றடைகிறது. எனினும், கல்லில் பொறிப்பதற்கு முன்பு மனிதர் சிந்தித்தனர். திரையில் பதிவிடுவதற்கு முன்பு பெரும்பாலும் சிந்திப்பதில்லை. வாயில்லா உயிர்களைப் பொறுத்தவரை, சமூக ஊடகத்தின் வலிமையும் குறையும் இந்த விரைவிலேயே அடங்கியுள்ளன.

வளர்ப்பு என்பது பொறுப்பு

வளர்ப்பு விலங்கு தன் பசியையும் வலியையும் சொற்களால் கூற இயலாது. உணவு, தூய நீர், நிழல், நடமாட இடம், உரிய காலத்தில் தடுப்பூசி, நோயுற்றால் மருத்துவம் ஆகிய அனைத்துக்கும் அது தன்னை வளர்ப்பவரையே நம்பியுள்ளது. நாய் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. வீட்டிற்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகள் வரையிலும் வாழக்கூடும். எனவே, ஒரு குட்டியை வீட்டிற்குக் கொண்டுவருதல் என்பது பல்லாண்டுக் கடமையை ஏற்றுக்கொள்வதாகும்.

இக்கடமையைச் சட்டமும் வலியுறுத்துகிறது. நடனக்கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான ருக்மிணிதேவி அருண்டேல், விலங்குகள்மீதான கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். வளர்த்த விலங்கைப் பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் கைவிட்டுச் செல்வது இச்சட்டப்படி குற்றமாகும். இது குற்றம் என்பதைப் பலர் அறியார். அறியாதவர்க்கு அறிவிப்பதே விழிப்புணர்வின் முதற்பணி.

முதல் 15 நிமிடங்கள்

விலங்குப் பராமரிப்பு குறித்த அறியாமை விலங்கை மட்டும் பாதிப்பதில்லை. மனித உயிரையும் பறிக்கிறது. வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ் இதற்குச் சான்று. மனிதர்க்கு இந்நோய் பரவும் நேர்வுகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்களாலேயே நிகழ்கின்றன என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால், கடிபட்டவுடன் உரியன செய்தால் நோயை முற்றிலும் தடுத்துவிடலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். இந்நோயின் வைரசைச் சுற்றிக் கொழுப்பாலான உறை உள்ளது. சோப்பு அவ்வுறையைச் சிதைக்கிறது. பின்னர்த் தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறித்துத் தரும் நாள்களில் எல்லாத் தவணைத் தடுப்பூசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். வைரஸ் நரம்புகளின் வழியே மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. அது மூளையை அடைவதற்கு முன்பே உடலில் எதிர்ப்பாற்றலை உருவாக்குவதே தடுப்பூசியின் பணி. ஆதலால் ஒவ்வொரு நாளும் மதிப்புடையது.

எளிய இவ்வுண்மைக்குக் குறுக்கே பழைய நம்பிக்கைகள் பல நிற்கின்றன. காயத்தில் மிளகாய்ப் பொடியோ சுண்ணாம்போ அப்புவோர் உள்ளனர். மந்திரித்தால் போதும் எனக் காத்திருப்போரும் உள்ளனர். தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போடுவார்கள் என்னும் அச்சம் சிலரை மருத்துவமனைப் பக்கமே செல்லவிடுவதில்லை. வயிற்றில் போடப்பட்ட அந்தப் பழைய வகைத் தடுப்பூசி நம் நாட்டில் கைவிடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்று கையிலேயே ஊசி போடப்படுகிறது. குழந்தைகளோ, வீட்டில் திட்டுவார்கள் என்று அஞ்சிச் சிறு கீறலை மறைத்துவிடுகின்றனர். வீட்டில் வளரும் குட்டிதானே என்னும் எண்ணமும் ஆபத்தானது. தடுப்பூசி போடப்படாத குட்டியாலும் நோய் பரவக்கூடும்.

இங்கேதான் சமூக ஊடகத்தின் பயன் வெளிப்படுகிறது. சுவரொட்டி ஒட்டப்பட்ட தெருவுக்கு வராதவரும் குடும்பப் புலனக் குழுவில் இருக்கிறார். ‘கடிபட்டால் சோப்பு, 15 நிமிடம், மருத்துவமனை’ என்னும் மூன்று செய்திகளைக் கொண்ட அரை நிமிடக் காணொலி, ஒரு பாட்டியின் கையிலுள்ள மிளகாய்ப் பொடியைத் தடுத்து நிறுத்தக்கூடும். மூன்று மாதம் நிறைந்த நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் தொடர வேண்டும் என்னும் நினைவூட்டல், அந்நோய் வீட்டிற்குள் நுழையும் வழியையே அடைத்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

1885 ஜூலை 6 அன்று, வெறிநாயால் கடிபட்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தாம் உருவாக்கிய தடுப்பூசியை அளிக்கச் செய்தார். சிறுவன் உயிர் பிழைத்தான். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாள், உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அவர் பெயர் தாங்கிய பாஸ்டர் நிறுவனம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907 முதல் இயங்கி வருகிறது.

திரை தூண்டும் ஆசை

சமூக ஊடகம் அறிவைப் பரப்புவதுபோல் ஆசையையும் பரப்புகிறது. காண்போர் எதில் நெடுநேரம் நிலைக்கின்றனரோ அதனையே மேன்மேலும் காட்டும் வகையில் அத்தளங்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன. எனவே, அழகிய குட்டி நூறு முறை கண்ணில் படும். அக்குட்டியின் மருத்துவச் செலவு ஒருமுறையும் கண்ணில் படாது.

இப்போக்கு புதியதன்று. சமூக ஊடகம் பரவுவதற்கு முன்பே, ஒரு கைப்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் சிறுவன் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்ந்த ‘பக்’ இன நாய், நாடெங்கும் விருப்பத்துக்குரியதாயிற்று. ஆனால், அந்நாயின் குறுகிய மூக்கு நம் கோடையைத் தாங்கவல்லதன்று. நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூச்சுப்பாதை குறுகிய இனங்களுக்கு அதுவும் எளிதன்று. பனிநிலத்தில் வண்டி இழுக்க உருவான சைபீரிய ‘ஹஸ்கி’ நாயின் அடர்ந்த மயிர்ப்போர்வை, சென்னை வெயிலில் அதற்குச் சுமையாகிறது. காணொலியில் கண்டு வாங்கப்படும் இத்தகைய விலங்குகளுள் சில, செலவும் தொல்லையும் மிகுந்தவுடன் தெருவில் விடப்படுகின்றன.

இதே ஊடகத்தைக்கொண்டு நம் நிலத்துக்குரிய இனங்களின் சிறப்பையும் எடுத்துரைக்கலாம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாய்கள் இம்மண்ணின் வெப்பத்தோடு வளர்ந்தவை. இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நாயின அஞ்சல்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. தெருவில் பிறந்த குட்டியும் அன்போடு வளர்த்தால் குறைவற்ற துணையாகும்.

பொய்யும் மெய்யும்

தவறான தகவல் சரியான தகவலைப்போலவே விரைந்து பரவுகிறது; சில வேளைகளில் அதைவிட விரைந்தும் பரவுகிறது. மனிதர்க்கு நல்லது விலங்குக்கும் நல்லது என்னும் கருத்து அவற்றுள் முதன்மையானது. சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை ஆகியவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். மனிதரின் காய்ச்சலுக்குத் தரப்படும் பாராசிட்டமால் ஒரே மாத்திரையிலேயே பூனையைக் கொல்லக்கூடியது. பாலைப் பூனையின் உணவாகவே கதைகள் காட்டினாலும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை. ‘காய்ச்சலா? அரை மாத்திரை கொடுங்கள்’ என்னும் பெயர் தெரியாதவரின் பதிவை நம்பிச் செயற்படுவது எத்தகைய கேட்டைத் தரும் என்பதை இதனால் உணரலாம்.

விலங்கின் உடல்மொழியைத் தவறாகப் படிப்பதும் பொய்த்தகவலே. பொருளை உடைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் நாயைக் காட்டி, ‘குற்றவுணர்வால் வருந்துகிறது’ என எழுதுகின்றனர். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அப்பார்வை நாய் செய்த தவற்றைப் பொறுத்து அமைவதில்லை; வளர்ப்பவரின் கடிந்துரைக்கு எதிர்வினையாகவே அமைகிறது என்று கண்டறிந்தார். காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கால்களிடையே ஒடுக்கி நிற்கும் விலங்கு அஞ்சுகிறது. அதன் அச்சத்தைப் பிறர் நகைப்புக்குப் பொருளாக்குதல் அறமாகாது. வேடிக்கைக்காக விலங்கை அச்சுறுத்துவதும், ‘மீட்பு’க் காட்சி எடுப்பதற்காகவே அதனை ஆபத்தில் தள்ளுவதும் கொடுமையே. அத்தகைய காணொலிகளைக் கண்டிப்பதற்காகப் பகிர்ந்தாலும் அவை மேலும் பரவவே செய்யும். தளத்தில் முறையிட்டு நீக்கச் செய்வதே தக்க வழி.

நற்பதிவின் இலக்கணம்

‘வாயில்லா உயிர்களிடம் அன்பு காட்டுவோம்’ என்னும் பதிவைப் படிப்பவர் தலையசைப்பார். ஆயின், அடுத்து என்ன செய்வது என அறியார். ‘நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வரும் சனிக்கிழமை காலை வெறிநோய்த் தடுப்பூசி முகாம், நாயைக் கழுத்துவாரிட்டு அழைத்து வாருங்கள்’ என்னும் பதிவு அவரை எழுந்து நடக்கச் செய்யும். எங்கு, எப்போது, எவ்வாறு என்பவற்றுக்கு விடை தருவதே நற்பதிவு.

காணாமற்போன விலங்கைத் தேடும் பதிவில் தெளிவான ஒளிப்படம், காணாமற்போன நாள், பகுதி, கழுத்துப்பட்டையின் நிறம் ஆகியன இடம்பெற வேண்டும். ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொள்ளலாம். விலங்கு தம்மிடம் உள்ளதாகக் கூறுவோர் அவ்வடையாளத்தைச் சரியாகச் சொல்கின்றனரா எனக் கேட்டு உண்மையறிய அது உதவும். விலங்கு கிடைத்தபின் அச்செய்தியையும் பதிவிட வேண்டும். இல்லையெனில், நாள் குறிப்பிடாத பழைய பதிவு ஆண்டுக்கணக்கில் சுற்றிவந்து பலரை வீணே அலைக்கழிக்கும்.

தத்தெடுக்க அழைக்கும் பதிவில் குட்டியின் அழகை மட்டுமன்றி, அதன் வயது, தடுப்பூசி விவரம், கருத்தடை அறுவையின் தேவை ஆகியவற்றையும் கூற வேண்டும். பெற வருபவரிடம் நேரில் உரையாடி, வீட்டார் அனைவரும் இசைந்துள்ளனரா எனவும் அறிய வேண்டும். குருதி தேவைப்படும் விலங்குக்காகக் கொடையாளரைத் தேடவும் பதிவுகள் துணைபுரிகின்றன. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கான குருதி வங்கியும் செயற்படுகிறது. நலமுள்ள நாயும் குருதிக் கொடை அளிக்கலாம் என்பதே பலர்க்குப் புதிய செய்தியாக இருக்கும்.

பதிவிடுவோர் நான்கு வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளுதல் நலம். இச்செய்தியைக் கால்நடை மருத்துவரோ அரசு நிறுவனமோ உறுதி செய்துள்ளதா? இதைப் படிப்பவர் செய்யத்தக்க செயல் ஒன்றேனும் உள்ளதா? ஒருவரின் முகவரியோ தொலைபேசி எண்ணோ அவர் இசைவின்றி இதில் வெளியாகிறதா? படம் எடுக்கும் முன் அவ்விலங்குக்கு உதவி செய்யப்பட்டதா? இறுதி வினா எல்லாவற்றினும் முதன்மையானது. அடிபட்டுக் கிடக்கும் விலங்குக்கு முதலில் தேவைப்படுவது நிழலும் மருத்துவமும், ஒளிப்படம் அதன்பின்னரே.

திரையிலிருந்து வாசலுக்கு

விழிப்புணர்வின் அளவுகோல் விருப்பக்குறிகளின் எண்ணிக்கை அன்று. ஆயிரம் பேர் பார்த்த பதிவால் ஒருவரும் தம் நாய்க்குத் தடுப்பூசி போடவில்லையெனில் அப்பதிவு வெறும் காட்சியே. முப்பது பேர் மட்டும் உள்ள ஒரு தெருக்குழுவில் இட்ட செய்தியால் ஐந்து நாய்கள் தடுப்பூசி பெற்றால், அத்தெருவில் விளையாடும் குழந்தைகளுக்கும் அது காப்பாகும். உலக சுகாதார நிறுவனமும் பிற பன்னாட்டு அமைப்புகளும், நாய்களால் பரவும் வெறிநோயால் மனிதர் இறப்பதை 2030-க்குள் ஒழிக்க இலக்கு வகுத்துள்ளன. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டாலன்றி அவ்விலக்கை அடைய இயலாது. அவ்வூசிக்கு நாயை அழைத்துச் செல்ல வேண்டியவர் அதனை வளர்ப்பவரே. அவருடைய கைப்பேசிக்கு உரிய செய்தியை உரிய நேரத்தில் கொண்டுசேர்க்க ஒரு மாணவராலும் இயலும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சென்று, தடுப்பூசி போடப்படும் நாள், நேரம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, ஐந்து வரிகளுக்கு மிகாத விழிப்புணர்வுப் பதிவு ஒன்றை எழுதுக.

2. வளர்ப்பு விலங்குகள் குறித்து உங்களுக்குப் பகிரப்பட்ட செய்தி ஒன்றைத் தேர்ந்து, அது மெய்யா பொய்யா எனக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.