போட்டி நீச்சலாளரின் தோள்நோவு: உழைப்பின் அளவு பற்றிய ஒரு குறிப்பு

விளையாட்டு, உழைப்புக்கு எதிர்நிலையானது என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. போட்டி நீச்சலைப் பொறுத்தவரை இக்கருத்து நிலைக்காது. நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றர் பயிலும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 50 மீற்றருக்கு 40 கைவீச்சுகள் எனக் கொண்டால், கையொன்றுக்கு நாளாந்தம் 4,000 வீச்சுகள். ஆண்டில் 300 நாட்கள் பயின்றால் 12 இலட்சம். ஆலைத் தொழிலாளியின் கை அறிந்த கணக்கே இது.

கனடிய மருத்துவர்களான கெனடியும் ஹோக்கின்சும் 1974இல் இந்நோவை 'நீச்சலாளர் தோள்' என்னும் பெயரால் விவரித்தனர். கை மேலெழும்போது தோட்பட்டை எலும்பின் மேல்முனைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் இடையில் தசைநாண் நெரிபடுகின்றது என்பது அவர்களது விளக்கம். தோள்மூட்டின் குழி ஆழமற்றது. அதனை நிலைநிறுத்துவன பெரிதும் தசைகளே. நீச்சலில் உந்துவிசையின் பெரும்பகுதி கைகளிலிருந்து பிறப்பதால், கையை உள்நோக்கிச் சுழற்றும் தசைகள் மிகுந்த வலுப் பெறுகின்றன. வெளிநோக்கிச் சுழற்றுவன அதற்கு ஈடாக வளர்வதில்லை. தோட்பட்டையைத் தாங்கும் தசைகள் களைத்ததும் மூட்டின் ஒழுங்கு குலைகின்றது.

இவ்விளக்கம் பிழையன்று; ஆயின் அது உடலோடு நின்றுவிடுகின்றது. மூட்டின் தளர்வு, குறைபாடுள்ள நுட்பம் என்றெல்லாம் காரணம் நீச்சலாளரிடமே தேடப்பட்டது. 2010இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ ஏட்டில் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு இவ்விடத்திலேயே முக்கியம் பெறுகின்றது. 13 முதல் 25 வயது வரையிலான 80 உயர்நிலை நீச்சலாளருள் 91 வீதத்தினர் தோள்நோவு உடையோராயிருந்தனர். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்பட்ட 52 பேருள் 69 வீதத்தினரிடம் தசைநாண் நோய் காணப்பட்டது. அந்நோயுடன் தொடர்புற்றிருந்தவை வாராந்தப் பயிற்சி நேரமும் தூரமுமே, மூட்டுத் தளர்வன்று. வாரம் 15 மணித்தியாலத்துக்கு மேல் பயின்றோர்க்கு அதன் வாய்ப்பு இருமடங்காயிற்று. நுட்பத்துக்கும் முன்னைய காயத்துக்கும் பங்கேயில்லை என நாம் வாதிடவில்லை. அளவு முதலில் எண்ணப்படல் வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

அந்த அளவைத் தீர்மானிப்பவர் யார்? பதின்மூன்று வயதுச் சிறுமியல்லள். பயிற்சியாளரும் கழகமும் பதக்கம் வேண்டும் அரசுமே. கருத்துநிலையின் பணியையும் இங்குக் காணலாம். அமெரிக்கக் கழகங்களின் இளம் நீச்சலாளர் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், தோள்நோவை இயல்பானதென ஏற்று, நோநீக்கி மாத்திரை விழுங்கிப் பயிற்சியைத் தொடர்ந்தோர் பலராயிருந்தனர். சுமத்தப்பட்டது, சுமப்பவரின் மனவுறுதியாகப் பெயர்மாறுகின்றது.

முதல்நிலை நீச்சலாளர் 100 மீற்றர் பிரீஸ்டைல் போட்டியை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகின்றனர். அதற்காகவும் வாரந்தோறும் பல பத்துக் கிலோமீற்றர் நீந்துவிக்கும் வழக்கத்தை இன்று பயிற்சியாளர் சிலரே வினாவுக்குட்படுத்துகின்றனர்.