கையும் கண்ணும் அறிந்ததை எழுதிவைத்தவர்

1978 ஜனவரி 18. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த பெரிய விளையாட்டு அரங்கின் கூரை விடியற்காலையில் அப்படியே இறங்கி விழுந்தது. ஏறத்தாழ 1,400 டன் எடை. முந்தின இரவு அதே கூரையின் கீழ் சுமார் 5,000 பேர் உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சில மணி நேரம் முன்பே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று கூரைமேல் பனி கனத்துக் கிடந்தது உண்மைதான். ஆனால் பனி அந்த ஊருக்குப் புதிதில்லை.

கூரையைக் கணினியில் கணக்கிட்டு வடிவமைத்திருந்தார்கள். கட்டும்போதே அது, கணக்கில் வந்த அளவைப்போல இரு மடங்கு தொய்ந்தது. விளிம்புப் பலகை பொருத்த வந்த ஒப்பந்தக்காரரால் பலகையைப் பொருத்த முடியவில்லை. சட்டம் வளைந்திருக்கிறது என்று அவர் சொன்னார். எப்படியாவது சமாளித்துப் பொருத்தும்படி அவருக்குப் பதில் வந்தது. கணக்கை நம்பியவர்கள் கண்ணெதிரே தெரிந்ததை நம்பவில்லை.

இந்த விபத்தைத் தன் எழுத்தில் எடுத்துக்காட்டாக வைத்தவர் யூஜின் ஃபெர்குசன். இயந்திரப் பொறியாளர். பிறகு ஆசிரியர், அருங்காட்சியகக் காப்பாட்சியர், வரலாற்றாசிரியர். 1916இல் டெலவர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் பிறந்தார். 1937இல் பொறியியல் பட்டம் பெற்றார். டூபான்ட் நிறுவனத்தில் வேலை, இரண்டாம் உலகப் போரில் கடற்படை, போர் முடிந்ததும் அயோவா மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் பணி என்று வாழ்க்கை போயிற்று.

அவர் வகுப்பெடுத்த காலத்தில்தான் அமெரிக்கப் பொறியியல் கல்லூரிகள் ஒரு திருப்பத்தில் நின்றன. பட்டறைப் பயிற்சியும் வரைபடப் பாடமும் குறைந்தன. கணிதச் சமன்பாடுகள் கூடின. கணக்குத்தான் உயர்வு, வரைவதும் ராவுவதும் தாழ்வு என்ற எண்ணம் பாடத்திட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ஃபெர்குசன் கணிதத்துக்கு எதிரியல்ல. ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்காதவன், இன்ன இடத்தில் இது முறியும் என்று எப்படி உணர்வான் என்பதே அவருடைய கேள்வி.

1958இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இயந்திர, கட்டுமானப் பொறியியல் பிரிவின் காப்பாட்சியரானார். பழைய இயந்திரங்களோடு மூன்று ஆண்டுகள். பிறகு மீண்டும் அயோவா. 1969 முதல் டெலவர் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர், கூடவே ஹாக்லி அருங்காட்சியகத்தில் தொழில்நுட்பக் காப்பாட்சியர்.

ஹாக்லியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூபான்ட் குடும்பம் 1802இல் தொடங்கிய வெடிமருந்து ஆலை அது. ஆலைக் கட்டடங்களுக்கு மூன்று பக்கமும் தடித்த கருங்கல் சுவர். ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கமும் கூரையும் மட்டும் லேசானவை. வெடித்தால் வேகம் ஆற்றுப் பக்கம் போகட்டும், பக்கத்து ஆலை பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. உள்ளே நின்றவனுக்கு? வேலை செய்தவர்களில் பலர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெடியில் செத்துப்போனவரை 'ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்' என்று சொல்வது அங்கே வழக்கமாகவே இருந்தது. இன்று அந்தச் சுவர்களும் தொழிலாளர் குடியிருந்த மேடும் அருங்காட்சியகத்தின் பகுதிகள். பொறியியலில் யாருடைய உயிர் கணக்கில் வந்தது, யாருடையது வரவில்லை என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடும்.

ஃபெர்குசனின் முக்கியமான கட்டுரை 1977இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. உலகில் நாம் பயன்படுத்தும் பொருள்களின் வடிவத்தைத் தீர்மானித்த சிந்தனையில் பெரும்பகுதி சொற்களால் நடந்ததல்ல, மனக்கண்ணில் படமாக நடந்தது என்று அதில் வாதிட்டார். சொல்லில் அடங்காததால் அறிஞர்கள் அதை அறிவு என்றே எண்ணவில்லை என்றார். அதே ஆண்டு, தொழில்நுட்ப வரலாற்றுக் கழகம் தன் உயரிய விருதான லியோனார்டோ டா வின்சி பதக்கத்தை அவருக்கு அளித்தது.

சாதிக் கொடுமை பற்றிய பத்தியில் அமெரிக்கப் பேராசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தோல் பதம் பார்த்தவர், மடை திறந்தவர், கல் உடைத்தவர் எவரையும் 'அறிந்தவர்' என்று நம் ஊர் சொன்னதில்லை. 'உழைக்கிறவர்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்த வீடுகளிலிருந்து இன்று பொறியியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அப்பாவின் தொழிலைச் சொல்லக் கூசுகிறார்கள். அவர்களுக்காகத்தான் ஃபெர்குசனை எழுதுகிறேன்.

அவர் டெலவர்க்காரரான ஆலிவர் எவன்ஸைப் பற்றி 1980இல் ஒரு நூல் எழுதினார். எவன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாவு ஆலையைத் தானாக இயங்கவைத்தவர். தானியத்தை மேலே தூக்க வாளி கட்டிய பட்டை, அரைத்த சூடான மாவைக் கிளறி ஆறவைக்கச் சுழலும் ஒரு பரம்பு. அதுவரை அந்த மாவைக் கிளறியது ஒரு பையன். பையனின் வேலை போயிற்று, இயந்திரத்துக்கு 'ஹாப்பர் பாய்' என்று அவன் பெயர் மட்டும் நிலைத்தது. பையன்களின் கதையை ஃபெர்குசன் இன்னும் விரித்திருக்கலாம் என்பது என் குறை. அவர் கவனம் பெரும்பாலும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர்மேல்தான்.

1992இல், தன் 76ஆம் வயதில், 'இன்ஜினீயரிங் அண்ட் தி மைண்ட்ஸ் ஐ' என்ற நூலை வெளியிட்டார். பொறியாளர் வரையும் கோட்டுப்படங்களை அதில் மூன்றாகப் பிரிக்கிறார்: தனக்குத் தானே யோசிக்க வரைவது, செய்பவருக்கு இன்னபடி செய் என்று வரைந்து கொடுப்பது, இருவர் பேசிக்கொண்டே வரைவது. மூன்றாவதை நாம் தினமும் பார்க்கிறோம். கொத்தனார் குச்சியால் மண்ணில் கோடு கிழித்து, படி இங்கே வரட்டுமா என்று கேட்பார். வீட்டுக்காரர் குச்சியை வாங்கி வேறு கோடு போடுவார்.

ராமெல்லி என்ற இத்தாலியர் 1588இல் வெளியிட்ட இயந்திரப் படநூலின் ஆங்கிலப் பதிப்பிலும் ஃபெர்குசனின் உழைப்பு உண்டு. 195 படங்களில் பாதிக்கு மேல் தண்ணீர் இறைக்கும் பொறிகள். ஏற்றமும் கமலையும் கண்ட விவசாயிக்கு அவற்றில் பல, யாரும் விளக்காமலே புரியும். ஃபெர்குசன் 2004இல் காலமானார். ஆங்கிலம் தடுக்கிறது என்று தயங்கும் மாணவர்கள் இந்த இரண்டு நூல்களின் படங்களிலிருந்தே தொடங்கலாம். கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் வாங்கித் தரும்படி எழுதிக் கொடுங்கள்.